கள்ளுக்கடை

கள்ளுக்கடை என்பது பனை அல்லது தென்னையிலிருந்து இறக்கப்படும் கள்ளையும், அதனுடன் உண்ணும் உணவு வகைகளையும் விற்கும் கடை ஆகும். மேலை நாடுகளில் பியரும் பர்கரும் கிடைக்கும் சிறு மதுக்கடைகளை ஒத்தது. இலங்கைத் தமிழில் இது தவறணை எனப்படும். தமிழ்நாட்டில் தற்போது கள்ளுக்கடைகளுக்கு அனுமதி இல்லை. கேரளத்திலும் இலங்கையிலும் இவை இயங்குகின்றன.

கள்ளும் பதநீரும்

பனையின் பாளையைச் சீவி, கலயம் கட்டிச் சாறு சேகரிக்கப்படுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் சாறு நொதிக்காமல் இனிப்பான பதநீராகக் கிடைக்கும். இதைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர். சுண்ணாம்பு இல்லையெனில் நொதியங்கள் சர்க்கரையை மதுசாரமாக மாற்ற, சாறு சில மணி நேரத்தில் கள் ஆகிறது. இதில் மதுசாரம் ஏறத்தாழ 4-6 விழுக்காடு. இது பியரின் அளவை ஒத்தது. மேலும் நொதித்தால் கள் புளித்துக் காடியாகிவிடும். நெடுநேரம் வைத்திருக்க இயலாததால் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மரங்களுக்கு அருகிலேயே அமைந்தன.

மதுவிலக்கு

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 1948-இல் திருநெல்வேலி உட்பட மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1971-இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, 1974-க்குள் படிப்படியாக மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981-இல் கள், சாராயக் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. 1987 சனவரி 1 முதல் அவை மூடப்பட்டன. கள்ளுக்கான தடை இன்றும் நீடிக்கிறது. 2003 முதல் பிற மதுவகைகளைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக் ஆகும்.

எல்லைக்கு அப்பால்

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பின்னர் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்து மலையைக் கடந்தால் வரும் கேரளத்தில் 1996-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. கள் தடை செய்யப்படவில்லை. அங்குள்ள கள்ளுக்கடைகள் மரவள்ளிக்கிழங்கு, மீன்கறி, வாத்துக்கறி ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றவை.

விவாதம்

கள் ஓர் உணவுப்பொருள் என்றும், கூடிய மதுசாரம் கொண்ட பிராந்தி போன்றவற்றை விற்கும்போது கள்ளை மட்டும் தடுப்பது முறையன்று என்றும் உழவர், பனையேறிகள் அமைப்புகள் வாதிடுகின்றன. கள்ளில் மயக்க மருந்துகள் கலக்கப்படும் என்பதும், குடிப்பழக்கம் ஏழைக் குடும்பங்களைப் பாதிக்கும் என்பதும் எதிர்ப்போரின் வாதங்கள். ஒரே மரத்தின் சாறு சுண்ணாம்பு சேர்ந்தால் விற்பனைக்குரிய பதநீராகவும், சேராவிட்டால் குற்றத்திற்குரிய கள்ளாகவும் கருதப்படுவதால், இத்தடை பனையேறிகளின் வாழ்வாதாரத்தை நேரடியாகப் பாதிக்கிறது.