கொடியில் காயும் வலை

வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூரில் நான்கு மோலிகள் வாங்கிவந்து தனித்தொட்டியில் விட்டேன். மறுநாள் ஒன்று சுணங்கிக் கிடந்தது. வலையால் தூக்கிப் பார்த்துத் திரும்ப விட்டுவிட்டு, அதே ஈர வலையைப் பெரிய தொட்டிக்குள்ளும் விட்டேன். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த கப்பிகளின் வாலில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். 14 கப்பிகளில் மிஞ்சியவை 3. கடையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தனித்தொட்டி வைக்கத் தெரிந்த எனக்குத் தனி வலை வைக்கத் தோன்றவில்லை.

அன்று அந்த வலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பியைச் சுற்றித் துணியை மடித்துத் தைத்த இடத்தில் ஒரு செதில், பாசி இழை, விரலில் வழுக்கும் கோழை. அடி மூலையில் ஒரு துளித் தண்ணீர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் துளி போதும். வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்கடியில் தின்று கொழுத்ததும் உதிர்ந்துவிடும். மணலிலோ செடியிலோ எங்காவது ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை போட்டு, அதற்குள்ளேயே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று சில நாட்களிலேயே முடிந்து மறுபடி தொடங்கும். ஆனால் முழுக்க உலர்ந்த இடத்தில் அதன் எந்தப் பருவமும் பிழைக்காது.

வலையை முதலில் குழாய்த் தண்ணீரில், உள்பக்கத்தை வெளியே புரட்டி அலச வேண்டும். இதைத் தாண்டிப்போகக் கூடாது. கோழையும் அழுக்கும் இருந்தால் குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. பிறகு, 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் 4 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 200 பிபிஎம் கிடைக்கும். அதில் அரை மணி நேரம் ஊறட்டும். நன்றாக அலசி, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம். நூலில் தங்கும் மிச்சம் மீனின் செவுளைப் பதம் பார்த்துவிடும். குளோரினில் அடிக்கடி ஊறினால் நைலான் இற்றுப்போகும் என்பது உண்மைதான். வலை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

குளோரினுக்கு எளிதில் மசியாத ஒன்றும் உண்டு: மீன்களுக்குக் காசம் தரும் மைக்கோபாக்டீரியம் மரினம். 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்து மீன்களில் இதை ஆரான்சன் என்ற ஆய்வாளர் கண்டறிந்து எழுதினார். இது மனிதரையும் தொற்றும். கையில் சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால், அலசிய வலையை 70 சதவீத ஆல்கஹாலில் நனைக்க வேண்டும், அடுப்புக்கு எட்டாத இடத்தில். கையில் காயமிருக்கும் நாளில் கையுறை இல்லாமல் நான் தொட்டியில் கை வைப்பதில்லை.

இப்போது தொட்டிக்கு ஒன்றாக மூன்று வலைகள். பிடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல். பால்கனிக் கொடியில் தலைகீழாகத் தொங்குகின்றன. எடுப்பதற்கு முன் தையல் மூலையை விரலால் அழுத்திப் பார்ப்பேன். குளிர்ச்சி தட்டினால் மறுபடி கொடிக்கே.