உங்களுக்குத் தெரியுமா? தரையும் ஆட்டத்தில் ஒரு பங்காளி!

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டது. அதுவரை 7 தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே 7-ஆம் இடத்தில் முடிந்தது. தோல்விக்குத் தரை மட்டுமே காரணமல்ல. ஆனால் பந்தின் வேகமும் காலின் பிடிப்பும் தரையைப் பொறுத்தவை. இன்றும் பல ஹாக்கி தளங்களில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பது பந்து சீராக ஓடவும், விழுபவரின் தோல் உராயாமல் இருக்கவும்தான்.

‘கரடுமுரடான மண்ணில் ஆடியவர்கள் சாதிக்கவில்லையா?’ என்று கேட்கலாம். சாதித்தவர்களை எண்ணுகிறோம், குழியில் கால் மடங்கி ஆட்டத்தையே விட்டவர்களை எண்ணுவதில்லை. தரையைச் சீராக்கச் செலவும் பெரிய தடையல்ல. காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழி போன்ற ஊர்களின் மண் மைதானத்தில் கல் பொறுக்கி, குழி நிரப்பி, நீர் தெளித்து உருளை ஓட்டி, மழைநீர் வடிய வழி செய்தாலே போதும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சீராக இல்லாமல் சேலை சீராக வராது என்பதைப் பட்டு நெய்யும் வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?