தோலிலே தோன்றும் தடங்கள்

வயிற்றிலே நோவு கண்டால் தயங்காமற் பிறரிடம் சொல்லும் நாம், தோலில் ஒரு தடம் கண்டால் அதைச் சட்டைக் கையினால் மறைத்துக்கொள்ளுகின்றோம். பிறர் கண்டு விலகுவரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். எது தொற்றும், எது தொற்றாது, எதற்கு விரைந்து வைத்தியம் வேண்டும் என்பவற்றை அறிந்தால் அவ்வச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

முதலிற் சொறியை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிற்றுண்ணி, தோலின் மேற்படையைத் துளைத்து அங்கே முட்டையிடுவதால் இந்நோய் உண்டாகின்றது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரிப்பெடுக்கும். இரவில் அது மிகும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லலாம். அதற்கு முன்னரே அவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவக்கூடும். ஆகையால், சொறிபவருக்கு மாத்திரம் மருந்து பூசுவதாற் பயனில்லை. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நாளிற் பூசுதல் வேண்டும். உடுப்புகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரிலே தோய்த்தல் வேண்டும்.

படர்தாமரைக்குக் காரணம் பங்கசு. ஓரம் சிவந்து தடித்து, நடு தெளிந்து, வளையம்போற் படரும். வியர்வை தங்கும் தொடையிடுக்கு அதற்கு உவப்பான இடம். இதற்குக் கடையிலே தாமாகவே ஸ்டெரொயிட் கலந்த பூச்சுமருந்து வாங்கிப் பூசுவோர் பலர். அரிப்பும் சிவப்பும் சில நாளில் தணியும். பங்கசோ தடையின்றிப் பரவும். வளைய வடிவமும் மாறிவிடுவதால், பின்னர் வைத்தியருக்கும் நோயை இனங்காண்பது கடினமாகின்றது.

இனி, வெளிறிய தடங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மக்கள் பெரிதும் அஞ்சுவதும், ஒன்றை மற்றொன்றாக மயங்குவதும் இங்கேதான்.

தேமல், எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகை மதுவம் வெப்பத்திலும் வியர்வையிலும் பெருகுவதால் வருவது. மெல்லச் சுரண்டினால் தவிடுபோன்ற செதில் உதிரும். இது தொற்றுவதில்லை. மருந்தினால் மதுவம் அழிந்த பின்னரும், பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும்.

பால்போல் வெளுக்கும் மற்றொன்றை 'வெண்குட்டம்' என்பர். இப்பெயரே ஒரு கொடுமை. தோலுக்கு நிறமூட்டும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் இது நேர்கின்றது. குட்டநோய்க்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை, தொட்டாலும் தொற்றாது. பெயரை நம்பித் திருமணத்தைத் தடுப்பது அறியாமையாகும்.

உண்மையான தொழுநோய்க்குக் காரணமான பற்றீரியாவை 1873ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் கண்டறிந்தார். இந்நோயில் தடம் வெளிறியோ சிறிது சிவந்தோ இருக்கும், பெரும்பாலும் அரிப்பதில்லை. அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதே முக்கிய அடையாளம். கண்ணை மூடச்செய்து பஞ்சினால் மெல்லத் தொட்டால், அங்கே தொட்டது தெரியாது. பற்றீரியா நரம்பைத் தாக்குவதே இதற்குக் காரணம்.

முற்காலத்தில் இந்நோயாளர் ஹெந்தளையிலும், மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் ஊராரைப் பிரிந்து வாழ நேர்ந்தது. இன்று அதற்குத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்த கூட்டு மருந்துகள், நோயின் வகைக்கேற்ப ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ நோயைக் குணமாக்குகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்து உட்கொள்ளத் தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும். ஆனால், மறைத்துக் காலந்தாழ்த்தினால் நரம்பு பழுதடையும், விரல் முடங்கும். மருந்து பற்றீரியாவைக் கொல்லுமேயன்றி, முடங்கிய விரலை நிமிர்த்தாது.

இலங்கையிற் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலைக்கு இந்நோய் 1995ஆம் ஆண்டிலே குறைக்கப்பட்டது. எனினும், ஆண்டுதோறும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர்; அவர்களுட் சிறுவரும் உளர். ஆதலால், நேயர்களே, குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது அவர்களின் முதுகையும் கைகால்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். உணர்ச்சியற்ற தடம் ஒன்று தென்பட்டால், அதனை மறைக்காது வைத்தியரிடம் காட்டுங்கள்.