ஃபைபர் இணைப்பு விட்டு விட்டு வருகிறதா? பெட்டியின் விளக்குகளைக் கவனியுங்கள்

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்ததும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "பணம் போயிடுச்சா, போகலையா?" என்ற குழப்பம். இரண்டு நிமிடத்தில் இணைப்பு தானாகவே வருகிறது. கால் மணி நேரத்தில் மறுபடியும் போகிறது. அடியோடு நின்றுபோன இணைப்பைவிட இப்படி வந்து வந்து போகும் இணைப்புதான் அதிகம் படுத்தும். பழுது பார்க்க ஆள் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும்!

இப்படி நடந்தால் உடனே மறுபடியும் பணம் கட்டாதீர்கள். முதலில் விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள். வங்கிக் குறுஞ்செய்தியையும் சரிபாருங்கள். பிறகு பழுது எங்கே என்று தேடலாம்.

பழுது எந்தப் பகுதியில்?

உங்கள் போனுக்கு இணையம் மூன்று கட்டமாக வருகிறது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுப் பெட்டி வரை கண்ணாடி இழை. பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர். பெட்டியிலிருந்து போனுக்கு வைஃபை. போனில் வைஃபை குறி முழுசாக இருந்தாலும், அது பெட்டிக்கும் போனுக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். இழையில் இணையம் வருகிறதா என்பதை அது சொல்லாது.

ஆகவே இணைப்பு போன அந்த நிமிடமே பெட்டியிடம் போய் விளக்குகளைப் பாருங்கள். போனில் ஒரு சிறு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

- எல்லா விளக்குகளும் அணைந்து மறுபடி எரிந்தால், பழுது மின்சாரத்தில்.
- 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை வழியே ஒளியே வரவில்லை.
- 'பிஓஎன்' விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், பெட்டியால் நிறுவனத்தின் கருவியோடு நிலையாகச் சேர முடியவில்லை. ஒளி பலவீனமாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.
- விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் போனில் மட்டும் இணையம் விட்டு விட்டு வந்தால், முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள்.

மின்சாரம்தான் காரணம் என்றால்

அடாப்டர் முனை பெட்டியில் லூஸாக இருக்கிறதா, தொட்டால் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். வேறு பிளக்கில் மாற்றிப் பாருங்கள். புது அடாப்டர் வாங்கினால், பழையதில் எழுதியிருக்கும் அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது.

இழைதான் காரணம் என்றால்

வீடுகளுக்கு வரும் இழையில் ஒளி செல்லும் மையப் பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கதவிடுக்கில் நசுங்கினாலோ, பெட்டிக்குப் பின்னால் இறுக்கி மடங்கினாலோ ஒளி கசிந்துவிடும். சுருட்டி வைப்பதென்றால் டீ கிளாஸ் வாய் அளவுக்காவது வட்டம் விடுங்கள். இழையை ஆணியில் கட்டுவது, ரப்பர் பேண்டால் இறுக்குவது எல்லாம் வேண்டாம். எலியோ அணிலோ கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பச்சை நிற முனையைக் கழற்றிச் சட்டைத் துணியால் துடைப்பது பலருடைய பழக்கம். வேண்டவே வேண்டாம். ஒரு தூசி போதும், ஒளிப் பாதையை மறைத்துவிடும். கழற்றிய முனைக்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

ஒளியின் அளவை நீங்களே பார்க்கலாம்

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரியும் (பெரும்பாலும் 192.168.1.1) உள்நுழைவு விவரமும் இருக்கும். போன் பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்தால், பல பெட்டிகளில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற அளவைப் பார்க்கலாம். அது மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 20 நல்லது; மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். 3 எண் இறங்கினாலே ஒளி பாதியாகிவிடும்.

ஒரே இழை தெருவில் 8, 16, 32 வீடுகள் எனப் பிரிகிறது. 32 ஆகப் பிரியும்போதே சுமார் 17 டெசிபல் குறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு மோசமான ஒட்டு, ஓர் இறுக்கமான மடிப்பு சேர்ந்தால் இணைப்பு ஆட்டம் காணும். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் போகிறதா என்று கேளுங்கள். அங்கேயும் போனால் பழுது உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு குறைவு.

கேபிள், வைஃபை

கணினிக்குப் போகும் லேன் கேபிளில் 8 கம்பிகள். அதில் ஒன்று அறுந்தாலும் 1000 எம்பிபிஎஸ் வேகம் 100க்கு இறங்கலாம், அல்லது தொடர்பு விட்டு விட்டு வரலாம். வேறு கேபிள் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

அலுவலகங்களில் ஃபைபர் நேரடியாகக் கணினியின் அதிவேக நெட்வொர்க் கார்டுக்கே போவதுண்டு. அங்கே இரு முனைகளிலும் செருகும் ஒளி மாட்யூல்களின் வேகமும் அலைநீளமும் இழை வகையும் பொருந்த வேண்டும். மாட்யூல், இழை, போர்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாது.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். பெட்டிக்குப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர் தாண்டினால் பலவீனமாகும்.

ஒரு எச்சரிக்கை: ஊசியால் அழுத்தும் ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். நிறுவனம் போட்ட அமைப்புகள் அழிந்தால், அவர்கள் வரும்வரை இணைப்பே இருக்காது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு.

புகாரில் என்ன சொல்வது?

"நெட் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. "மூன்று நாளாக மாலை 6 முதல் 9 வரை ஐந்து முறை போனது, பிஓஎன் விளக்கு சிமிட்டியது, ஒளி அளவு மைனஸ் 28" என்று சொல்லுங்கள். வீடியோவையும் காட்டுங்கள். ஆள் வரும்போது இணைப்பு ஓடினாலும் பழுதை மறுக்க முடியாது.

புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். டிராய் அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகார் மையத்தின் தீர்வில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு இந்த எண்தான் ஆதாரம்.

பழுது தீரும்வரை, கடைசித் தேதி நெருங்கும் விண்ணப்பங்களை மொபைல் டேட்டாவிலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ முடித்துவிடுங்கள்.