அமெரிக்கக் கிறித்தவப் பல்கலைக்கழகங்களில் மாணவர் நிதி உதவி

அமெரிக்காவில் திருச்சபைகளோடு தொடர்புடைய கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் ஆகும். மாநில அரசின் நேரடி மானியத்தில் இயங்கும் பொதுப் பல்கலைக்கழகங்களைவிட இவற்றின் அறிவிக்கப்பட்ட கட்டணம் பொதுவாக அதிகம். ஆனால் அந்தத் தொகையை முழுவதுமாகச் செலுத்துவோர் குறைவு. ஒன்றிய அரசு, மாநில அரசு, பல்கலைக்கழகம், திருச்சபை, தனியார் அறக்கட்டளை ஆகியவற்றிலிருந்து வரும் உதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கட்டணத்தைக் குறைக்கின்றன. பணம் எங்கிருந்து வருகிறதோ, அந்த இடத்தின் நிபந்தனையும் கூடவே வருகிறது.

அறிவித்த விலையும் செலுத்தும் விலையும்

படிப்புக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்ந்த தொகை மொத்தக் கல்விச் செலவு எனப்படும். திருப்பிச் செலுத்த வேண்டாத உதவிகளை இதிலிருந்து கழித்தால் கிடைப்பது நிகர விலை. ஒன்றிய அரசின் உதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள் நிகர விலையை மதிப்பிட உதவும் கணிப்பானைத் தமது இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ள விதி. விண்ணப்பிக்கும் முன்பே மாணவர் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

சேர்க்கைக்குப் பின் வரும் உதவிக் கடிதத்தைப் படிப்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. எடுத்துக்காட்டாக, மொத்தச் செலவு 45,000 டாலர் என்று கொள்வோம். கடிதத்தில் பல்கலைக்கழக உதவித்தொகை 19,000, ஒன்றிய அரசின் மானியம் 5,000, திருச்சபை வழி வந்தது 2,000, கடன் 5,500 என்று வரிசையாக எழுதி, மொத்த உதவி 31,500 டாலர் என்று கூட்டியிருக்கும். மீதி 13,500 மட்டுமே என்று தோன்றும். ஆனால் கடன் உதவி அல்ல. அது பின்னாளில் வட்டியோடு திரும்ப வேண்டிய பணம். உண்மையான உதவி 26,000, நிகர விலை 19,000. இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது இந்த நிகர விலையைத்தான் ஒப்பிட வேண்டும். "மொத்த உதவி" என்ற எண்ணை ஒப்பிட்டால் அதிகக் கடன் தரும் கல்லூரியே தாராளமானதாகத் தெரியும்.

ஒன்றிய அரசின் உதவி

இதற்கு நுழைவாயில் ஃபாஃப்சா எனப்படும் இலவச விண்ணப்பம். வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் திறக்கப்படும். குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கொண்டு மாணவர் உதவிக் குறியீடு என்ற எண் கணக்கிடப்படுகிறது. இதற்குக் கட்டணம் கேட்கும் எந்த இணையதளமும் அரசினுடையது அல்ல.

மிகத் தேவையுள்ள இளநிலை மாணவர்களுக்குக் கிடைப்பது பெல் மானியம். 1972இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு 1980இல் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயர் சூட்டப்பட்டது. 2024–25 கல்வியாண்டில் இதன் உச்ச வரம்பு 7,395 டாலர். அங்கீகாரம் பெற்ற கிறித்தவக் கல்லூரியில் படித்தாலும் இது கிடைக்கும்.

பெற்றோரைச் சார்ந்த மாணவர் ஒன்றிய அரசிடம் முதலாண்டில் 5,500, இரண்டாமாண்டில் 6,500, அதற்குப் பின் ஆண்டுக்கு 7,500 டாலர் வரை கடன் பெறலாம். நான்கு ஆண்டுகளில் இது 27,000 ஆகிறது. இதில் ஒரு பகுதிக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும்; மற்றதற்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும்.

பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகை

பெரும்பாலும் கடிதத்தில் உள்ள மிகப் பெரிய தொகை இதுவே. மதிப்பெண், இசை, விளையாட்டு, ஊழியத் தலைமைத்துவம் எனப் பல பெயர்களில் வரும். போதகர், மிஷனரி, ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. சில உதவித்தொகைகளுக்குப் போதகரின் பரிந்துரைக் கடிதம் தேவை.

இங்கு கவனிக்க வேண்டியது புதுப்பிக்கும் நிபந்தனை. நான்கு ஆண்டுகளுக்கும் என்று சொல்லப்படும் தொகை, மதிப்பெண் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். கட்டணம் உயர்ந்தாலும் உதவித்தொகை அதே எண்ணில் நிற்கலாம். வெளியிலிருந்து மாணவர் வென்று வரும் பரிசுத் தொகைக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் உள்ளது. இந்த மூன்றையும் நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை; குடும்ப வருமானம் திடீரென்று குறைந்தால் மறுபரிசீலனை கோரவும் வழி உண்டு.

திருச்சபை வழி வரும் பணம்

மாணவரின் சொந்தச் சபை ஒரு தொகை தந்தால் பல்கலைக்கழகம் அதே அளவு சேர்த்துத் தரும் ஏற்பாடு பல கிறித்தவக் கல்லூரிகளில் காணப்படுகிறது. ஐக்கிய மெதடிஸ்ட் உயர்கல்வி அறக்கட்டளையின் 'டாலர்ஸ் ஃபார் ஸ்காலர்ஸ்' திட்டத்தில் சபை தரும் 1,000 டாலருக்கு அறக்கட்டளை இன்னொரு 1,000 சேர்க்கிறது. பங்குபெறும் கல்லூரிகளும் தம் பங்கைச் சேர்ப்பதுண்டு. தொகை சிறியதுதான். எனினும் இதற்குச் சபையார் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும் என்பதால், கேட்கத் தாமதித்தால் அந்த ஆண்டு வாய்ப்பு போய்விடும்.

அரசுப் பணமும் சமயமும்

பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி அரசிடமிருந்து நேரடியாகப் பணம் வாங்கவில்லை. அதன் மாணவர்கள் மட்டுமே ஒன்றிய மானியம் பெற்றனர். அதனாலேயே கல்லூரி ஒன்றிய அரசின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு உட்படுமா என்ற வழக்கில், நிதி உதவிப் பிரிவு உட்படும் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அதை முழு நிறுவனத்துக்கும் விரிவாக்கியது. குரோவ் சிட்டி அரசுத் திட்டங்களிலிருந்து விலகி, தன் மாணவர்களுக்குத் தனியார் நிதியைக் கொண்டு உதவுகிறது. மிச்சிகனில் உள்ள ஹில்ஸ்டேல் கல்லூரியும் அவ்வாறே. எனவே இந்தக் கல்லூரிகளில் சேரும் ஏழை மாணவருக்குப் பெல் மானியம் பயன்படாது. கல்லூரி தரும் தொகையையே நம்ப வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு மறுபக்கம் தெரிந்தது. ஜோஷுவா டேவி என்ற மாணவர் மாநில அரசின் உதவித்தொகைக்குத் தகுதி பெற்று, ஒரு கிறித்தவக் கல்லூரியில் போதகப் பணியையும் வணிக நிர்வாகத்தையும் படிக்கச் சேர்ந்தார். போதகப் பணிப் பாடத்தை விட்டால்தான் பணம் என்றனர். அவர் பணத்தை விட்டார். முதலாண்டுக்கு அது 1,125 டாலர். 2004இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இறையியல் படிக்க விரும்புவோர் தம் மாநில உதவித்தொகையின் விதிகளைப் படிப்பைத் தேர்வதற்கு முன்பே பார்ப்பது அவசியம்.

உழைத்துப் படிக்கும் கல்லூரிகள்

கென்டக்கியில் அடிமை முறை ஒழிப்பாளரான ஜான் ஃபீ 1855இல் நிறுவிய பெரியா கல்லூரி, 1892 முதல் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர் அனைவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அலுவலகம், பண்ணை, தறி, துடைப்பம் செய்யும் பட்டறை என்று வேலைகள் பலவகை. விடுதிக்கும் உணவுக்கும் அவரவர் வசதிக்கேற்பச் செலவு உண்டு. மிசௌரியில் உள்ள காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸில் வாரத்துக்கு 15 மணி நேர வேலை கட்டாயம். மாணவர் கடன் வாங்குவதை அது ஊக்குவிப்பதில்லை. வசதி குறைந்த மாணவர்களை மனத்தில் கொண்டே இரண்டும் சேர்க்கை நடத்துகின்றன.

வெளிநாட்டு மாணவர்கள்

மாணவர் விசாவில் வருவோருக்கு ஒன்றிய அரசின் மானியமும் கடனும் கிடையாது. முதலாண்டுச் செலவுக்குப் பணம் உள்ளது என்று காட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவமே வழங்கப்படும். ஆகவே இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிக்கும் மாணவர் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவியைத்தான் தேட வேண்டும். கத்தோலிக்க நிறுவனமான நோட்ரே டேம் பல்கலைக்கழகம், வெளிநாட்டவர் உட்பட இளநிலை மாணவர்களின் பணவசதியைப் பாராமல் சேர்க்கை முடிவெடுப்பதாக 2024இல் அறிவித்தது. இப்படிச் செய்யும் நிறுவனங்கள் மிகச் சில. படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்த வருமானத்தை நம்பிக் கட்டணக் கணக்குப் போட முடியாது. உதவித்தொகையில் படிப்புக் கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் போகும் பங்குக்கு வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் போகும் பங்குக்கு வரி உண்டு. மாணவர் விசாவில் உள்ளோருக்குப் பொதுவாக 14 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படும்.