ஒருமுறை உதறிய ஓசை திரும்ப வராது

பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் பஜனை, திருமணத்தில் ஒலித்த நாதஸ்வரம் என வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளைப் பலர் கணினிக்கு மாற்றி வருகின்றனர். மாற்றிய பிறகு கேட்டால், ஜால்ரா தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பது போல் சலசலக்கிறது. மிருதங்கத்தின் அடி மழுங்கிப் போகிறது. கேசட் பழசு என்று பழி போடுகிறார்கள். நாடா பழசானால் இரைச்சல் வரும், சுருதி ஆடும். இந்தச் சலசலப்பு வேறு. இது பெரும்பாலும் கோப்பை அளவுக்கு மீறிச் சுருக்கியதால் வருவது.

சுருக்கும்போது என்ன நடக்கிறது?

சிடி தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒரு நிமிடப் பாடலுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். அதையே நொடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்பி3 ஆக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

மீதி எங்கே போனது? தவில் முழங்கும்போது பக்கத்தில் முணுமுணுப்பவரின் பேச்சு காதில் விழாது. காதின் இந்தக் குணத்தை வைத்தே எம்பி3 வேலை செய்கிறது. கேட்காது என்று கணிக்கும் ஓசைகளை உதறிவிடுகிறது. அளவோடு உதறினால் தெரியாது. மிகவும் சிறிய கோப்பாக்கினால் கேட்க வேண்டிய ஓசையும் சேர்ந்து போய்விடும்.

மேலும், எம்பி3 ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கிச் சுருக்குகிறது. ஒரு துண்டின் நடுவில் மிருதங்க அடி திடீரென விழுந்தால், அதன் பிழை துண்டு முழுதும் பரவும். அடி விழும் முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் கேட்பது இதனால்தான்.

எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சுசான் வேகா பக்கவாத்தியம் இன்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடலைச் சுருக்கிப் பார்த்தார். குரல் மோசமாகச் சிதைந்தது. அந்தப் பாடலையே திரும்பத் திரும்பச் சோதித்து முறையைத் திருத்தினார். தனிக்குரலில் குறையை மறைக்க வேறு ஓசை இல்லை. வீட்டுத் தாலாட்டும் அப்படிப்பட்டதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

கேசட்டிலிருந்து பதிவு செய்யும்போது சுருக்கமில்லாத 'வேவ்' கோப்பாகவே பதிவு செய்ய வேண்டும். இடம் போதாவிட்டால் 2001 முதல் இலவசமாகக் கிடைக்கும் 'ஃபிளாக்' முறை உண்டு. இது கோப்பை ஏறத்தாழப் பாதியாக்கும். ஆனால், ஓசையில் எதையும் உதறாது.

நாடாவின் இரைச்சலை நீக்குவதையும், வெட்டி ஒட்டுவதையும் இந்தக் கோப்பின் நகலில்தான் செய்ய வேண்டும். இரைச்சல் சுருக்கத்துக்கு எளிதில் அடங்காது. அதற்கே இடம் செலவானால் பாட்டுக்குப் பங்கு குறையும்.

எல்லா வேலையும் முடிந்த பிறகு, உறவினருக்கு அனுப்ப ஒரே ஒருமுறை எம்பி3 ஆக்கலாம். 192 அல்லது 256 கிலோபிட் அளவு பாதுகாப்பானது. எம்பி3யைத் திறந்து திருத்தி மீண்டும் எம்பி3யாகச் சேமிப்பது, நகலை நகலெடுப்பது போன்றது. ஒவ்வொரு முறையும் மேலும் தேயும்.

128 கிலோபிட் கோப்பை 320 ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும், போன ஓசை வராது. உச்ச ஓசையைச் சற்றுக் குறைத்தால் சலசலப்பு ஓரளவு அடங்கும். அது மறைப்பதே தவிர மீட்பதன்று.

உண்மையான தீர்வு, கேசட்டிலிருந்து மீண்டும் பதிவு செய்வதே. எனவே, கணினியில் ஏற்றியாயிற்று என்று கேசட்டைக் குப்பையில் போடக்கூடாது. முதலில் வேவ் அல்லது ஃபிளாக் கோப்பை முழுதும் கேட்டுப் பார்த்து, இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். மறைந்துபோன பாட்டியை மறுபடி பாடச் சொல்ல முடியாது.