அறிவும் ஆட்சியும்: அச்சே தரும் பாடம்

ஒரு சமூகத்தின் உறவுமுறைகளையும் வழக்காறுகளையும் நம்பிக்கைகளையும் அம்மக்களிடையே தங்கி ஆய்ந்து, அவ்வறிவை ஆட்சியாளருக்கு வழங்குவது பயன்பாட்டு மானுடவியலின் பணிகளுள் ஒன்றாக இருந்துவந்துள்ளது. அதன் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டிய களம், சுமாத்திராவின் வடமுனையிலுள்ள அச்சே.

'மக்காவின் முற்றம்' எனப் பெயர்பெற்ற இச்சுல்தானகத்தின் மீது டச்சுக்காரர் 1873இல் போர் தொடுத்தனர். தலைநகரைக் கைப்பற்றிய பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. அதன் காரணத்தை அறிய 1891இல் அங்கு சென்றவர் கிறிஸ்டியான் ஸ்னூக் ஹுர்ஹ்ரோன்யே (1857–1936). ஹஜ்ஜைப் பற்றி ஆய்வு செய்து லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்; இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்து, அப்துல் கஃப்பார் என்னும் பெயருடன் 1885இல் மக்காவில் சில மாதங்கள் வாழ்ந்தவர்.

எதிர்ப்பின் உயிர்நாடி சுல்தானல்லர், உலமாக்களே என்பது அவரது முடிவு. எனவே உலமாக்களுடன் பேச்சுவார்த்தை வேண்டாம், படைவலியால் ஒடுக்குக. 'ஊலேபாலாங்' எனப்படும் பரம்பரைத் தலைவர்களை அரவணைத்துக்கொள்க. வணக்க வழிபாடுகளில் தலையிடாதீர். 'அதாத்' என்னும் வழக்காற்றைப் பேணுக என அவர் ஆலோசனை வழங்கினார். அவரது ஆய்வு 1893–94இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அறிக்கையின் அரசியல் ஆலோசனைகளோ இரகசியமாக வைக்கப்பட்டன.

1898இல் ஆளுநரான வான் ஹோய்ட்ஸ் இவ்வழியைச் செயற்படுத்தினார். 1903இல் சுல்தான் முஹம்மது தாவூது சரணடைந்தார். அவ்வாண்டே ஸ்னூக் காயோ மலைநாட்டைப் பற்றிய நூலை வெளியிட்டார். மறு ஆண்டில் அங்கு நுழைந்த டச்சுப் படையின் தாக்குதலில் பெண்கள், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 2,900 பேர் மாண்டனர். படையினரின் கொடுமைகளைக் கண்டு ஸ்னூக் பின்னர் மனங்கசந்தார். ஆயினும் கைவிட்டுப் போன அறிவை அவரால் மீட்க இயலவில்லை.

உலமாக்களுக்கும் தலைவர்களுக்கும் இடையில் அகலப்படுத்தப்பட்ட பிளவும் ஆறவில்லை. 1945–46இல், டச்சு ஆட்சி இல்லாத வேளையில், ஊலேபாலாங் குடும்பங்கள் பல இரத்தப் பழிக்கு இரையாயின.

ஸ்னூக்கின் கணிப்பு பெரும்பாலும் சரியே. தவறு கணிப்பிலன்று, அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதிலேயே இருந்தது. ஆய்வாளனின் முதற்கடமை தான் ஆராயும் மக்களுக்கே என அமெரிக்க மானுடவியல் சங்கம் 1971இல்தான் நெறி வகுத்தது. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் சொன்ன சொல் ஓர் அமானிதம். அதனைச் சொன்னவருக்கு எதிராகவே பயன்படுத்துவோன், எத்துணைப் பேரறிஞனாயினும், அமானிதத்தைப் பேணியவன் ஆகான்.